ஆணியில் தொங்கும் சாவி

போன மாதம் திருவொற்றியூரில் தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். தேரடி பக்கம் ஒரு சின்னத் தெரு. வாசற்படி இறங்கினால் நேராகக் கார் கதவுதான். இடையில் ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையலாம், அவ்வளவுதான். புது வண்டி, பட்டன் ஸ்டார்ட். டியூ இன்னும் ஐந்து வருஷம் இருக்கிறது. முன்பணத்துக்காக வைத்த தம்பி மனைவியின் வளையல்கள் அடகுக் கடையிலேயே இருக்கின்றன.

செருப்பைக் கழற்றும்போது தடுமாறி, கார் கைப்பிடியைப் பிடித்தேன். 'டிக்' என்று கதவு திறந்துகொண்டது.

"டேய், வண்டியைப் பூட்டலையா?"

"பூட்டிட்டேனே அக்கா. சாவி உள்ளதான் இருக்கு, பாரு."

காலண்டருக்குப் பக்கத்து ஆணியில் சாவி தொங்கியது. சரியாக அந்தச் சுவருக்கு வெளியேதான் கார் நிற்கிறது. சாவி நம் சட்டைப் பையில் இருப்பதாக நினைத்து வண்டி கதவைத் திறந்துவிட்டது. அது என்ன கண்டது, நடுவில் செங்கல் சுவர் இருக்கிறதென்று!

பட்டன் ஸ்டார்ட் வண்டி வேலை செய்யும் விதமே அதுதான். கைப்பிடியைத் தொட்டதும் கார் ஒரு மெல்லிய ரேடியோ அலையை அனுப்பும். அது ஒன்றிரண்டு மீட்டருக்கு மேல் போகாது. அந்த எல்லைக்குள் சாவி இருந்தால், 'நான்தான்' என்று ரகசிய எண்ணில் பதில் சொல்லும். கதவு திறக்கும். நாம் பட்டனை அமுக்க வேண்டியதே இல்லை. சாவி எந்நேரமும் காது கொடுத்துக்கொண்டே இருக்கிறது, இரவு நாம் தூங்கும்போதும்.

திருடன் பயன்படுத்திக்கொள்வது இதைத்தான். இரண்டு பேர் வருவார்கள். ஒருவன் காருக்குப் பக்கத்தில், இன்னொருவன் வீட்டுச் சுவரை ஒட்டி. இருவர் கையிலும் சின்னக் கருவி. காரின் குரலை ஒருவன் வாங்கி மற்றவனுக்கு அனுப்ப, அவன் அதைச் சுவர் வழியாகச் சாவிக்குக் கேட்க வைப்பான். சாவி பதில் சொல்லிவிடும். ரகசிய எண்ணை யாரும் உடைக்கவில்லை. தூரத்தை மட்டும் ஏமாற்றினார்கள். பெரிய தோட்டம் வைத்த பங்களா என்றால் சாவி எங்கே என்று அவர்கள் தேட வேண்டும். ராயபுரம், திருவொற்றியூர் தெருக்களில் அந்தச் சிரமமும் இல்லை.

இது நேற்று முளைத்த பிரச்னை இல்லை. 2011-லேயே சுவிட்சர்லாந்தின் சூரிச் நகர ஆராய்ச்சியாளர்கள் 8 நிறுவனங்களின் 10 கார் மாடல்களில் இதைச் செய்து பார்த்தார்கள். பத்தும் திறந்தன, கிளம்பவும் செய்தன. 2017-ல் இங்கிலாந்தின் வெஸ்ட் மிட்லண்ட்ஸ் போலீசார் ஒரு சிசிடிவி காட்சியை வெளியிட்டார்கள். ஒரு வீட்டு வாசலில் நின்ற மெர்சிடிஸ் சுமார் ஒரு நிமிடத்தில் மறைந்துவிட்டது. கண்ணாடி உடையவில்லை, அலாரம் அடிக்கவில்லை.

டொராண்டோவில் சொந்தக்காரர்கள் இருப்பவர்களைக் கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார்கள். அங்கே திருடுபோகும் கார்களில் பல கண்டெய்னரில் ஏறிக் கப்பலுக்குப் போய்விடுகின்றன. 2024-ல் மாண்ட்ரியல் துறைமுகத்தில் ஒரே நடவடிக்கையில் 598 திருட்டு வண்டிகளை மீட்டார்கள். வாசலில் கண்டெய்னர் லாரி வரிசையைப் பார்த்தே வளர்ந்த நமக்கு, ஒரு பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அதே வருஷம் டொராண்டோ போலீஸ்காரர் ஒருவர், திருடன் வீட்டுக்குள் வந்து உங்களைத் தாக்காமல் இருக்க, சாவியை வாசல் கதவருகே வைத்துவிடுங்கள் என்று பொதுக் கூட்டத்தில் சொல்லப்போய், பெரிய வாக்குவாதமானது. எனக்கு அந்த யோசனை பிடிக்கவில்லை. சாவியையும் கொடுத்து, வழியும் விடுவதா?

நம் ஊரிலும் சொகுசுக் கார் திருட்டு இருக்கிறது. 2025 ஜூனில், அண்ணா நகரில் வீட்டு வாசலிலிருந்து கார் திருடுபோன வழக்கில், ராஜஸ்தானைச் சேர்ந்த ஒருவரைச் சென்னை போலீசார் புதுச்சேரியில் கைது செய்தார்கள். டெல்லிப் பக்கம் போலீஸ் பிடித்த கும்பல்கள் சில வேறு வழியில் போனவை. கண்ணாடியை உடைத்து உள்ளே போய், மெக்கானிக் வண்டியைச் சோதிக்கச் செருகும் இடத்தில் கருவியைச் செருகி, புதுச் சாவியையே உருவாக்கிவிடுகிறார்கள். அதற்குச் சாவியை ஒளித்து வைத்துப் பயனில்லை. ஸ்டீயரிங்குக்கும் கியருக்கும் போடும் இரும்புப் பூட்டுதான் அங்கே உதவும். பழைய காலத்துச் சாமான் என்று சிரிக்காதீர்கள். அதை அறுக்க நேரம் ஆகும், சத்தமும் வரும். இரண்டுமே திருடனுக்கு ஆகாது.

பட்டனை அமுக்கினால்தான் திறக்கும் பழைய ரிமோட் உள்ளவர்களுக்கு இந்தச் சுவர்த் திருட்டு பயம் இல்லை. ஆனால் காசிமேட்டில் மீன் வாங்கப் போகிற அவசரத்தில் ரிமோட்டை அமுக்கிவிட்டு நடக்காதீர்கள். யாராவது அலையைத் தடுத்தால் பூட்டு விழாது. கைப்பிடியை ஒரு தடவை இழுத்துப் பாருங்கள்.

இன்ஷூரன்ஸ் விஷயம் ஒன்று. வெறும் தேர்டு பார்ட்டி பாலிசியில் திருட்டுக்குப் பணம் வராது. முழுப் பாலிசி இருந்தாலும், எஃப்.ஐ.ஆருடன் இரண்டு ஒரிஜினல் சாவியையும் கேட்பார்கள். ஸ்பேர் சாவி எங்கே என்று தம்பியைக் கேட்டேன். கொஞ்ச நேரம் முழித்தான். பீரோவில், பத்திரப் பைக்குள் தம்பி மனைவிதான் எடுத்துக் கொடுத்தாள்.

அன்று சாயங்காலமே சோதனை நடந்தது. முதலில் எவர்சில்வர் டப்பா. மூடி கொஞ்சம் லூஸ். சாவியை உள்ளே போட்டு ஆணிக்கு அடியிலேயே வைத்துவிட்டு, தம்பி வெளியே போய்க் கைப்பிடியைத் தொட்டான். திறந்தது. அலுமினியத் தாள் சுற்றினோம். ஒரு தடவை திறக்கவில்லை, அடுத்த தடவை திறந்தது. தீபாவளிக்கு வந்த பிஸ்கட் தகர டப்பாவை எடுத்து, மூடியை அழுத்தி மூடினோம். நாலு தடவை இழுத்தான், வண்டி அசையவில்லை. இதற்கென்றே உலோகத் துணி தைத்த பையும் கடையில் கிடைக்கிறது, வாங்கினாலும் இதே சோதனையைச் செய்துவிட்டுத்தான் நம்ப வேண்டும். சில வண்டிகளில் தொடாமல் திறக்கும் வசதியை நிறுத்தியே வைக்கலாம். சர்வீஸுக்கு விடும்போது கேளுங்கள்.

இப்போது இரண்டு சாவியும் அந்த டப்பாவில், வாசலிலிருந்து தள்ளி அடுப்படி அலமாரியில் இருக்கின்றன. ஆணியில் பால் அட்டை தொங்குகிறது.