தாயின் சொல்லும் சான்றே

காய்ச்சலில் வீழ்ந்த ஓட்டிசக் குழந்தை தாயின் முகத்தை நிமிர்ந்து நோக்குகின்றது. மடிதேடி வந்து அமர்கின்றது. ஓயாது கையசைப்பதை நிறுத்துகின்றது. காய்ச்சல் தணிந்ததும் பழைய நிலைக்கே மீள்கின்றது. தாய்மார் இதனை நெடுங்காலமாகக் கூறிவந்துள்ளனர். “பிள்ளை சோர்ந்து கிடந்தது, நீங்கள் ஆசையால் அவ்வாறு கண்டீர்கள்” என்பதே அவர்களிற் பலருக்குக் கிடைத்த விடை.

இவ்விடையை வழங்கிய அறிவுலகம் எத்தகையது? 1943இல் இந்நிலையை விவரித்த லியோ கனர், பெற்றோரின் உணர்ச்சி வறட்சியையும் உடன் குறித்தார். 1967இல் புரூனோ பெற்றல்ஹைம் தாயையே காரணமாக்கும் கருத்தை நூல்வழி பரப்பினார். குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டவளின் சாட்சியத்தை எவர் செவிமடுப்பர்?

1980இல் நியூயோர்க்கின் பெல்வியூ வைத்தியசாலையில் ஓட்டிசப் பிள்ளைகளிடையே காய்ச்சல் பரவியபோது, அங்கு பணியாற்றியோரும் இம்மாற்றத்தைக் கண்டனர். (தாயல்லாதார் கண்டவுடன் அது ‘அவதானம்’ எனப் பெயர் பெற்றமை நோக்கற்பாலது.) எனினும், காய்ச்சலுற்ற 30 பிள்ளைகளைக் காய்ச்சலற்ற 30 ஓட்டிசப் பிள்ளைகளுடன் ஒப்பிட்ட ஆய்வு வெளிவர 2007 ஆயிற்று. எரிச்சல், மிகையியக்கம், ஒரே செயலை மீளமீளச் செய்தல், பொருந்தாப் பேச்சு ஆகியன குறைந்தமையை அது காட்டிற்று. சோர்வு மிகுந்தது மெய்யே. ஆயின் நோயின் கடுமை அம்மாற்றத்தின் ஒரு பகுதியையே விளக்கியது. அவ்வாய்வின் தரவுகள் யாருடையவை? பெற்றோர் நிரப்பிய படிவங்களே!

கலைப்பீட மாணவனுக்கு மருத்துவத்தில் என்ன வேலை எனச் சிலர் வினவலாம். யாருடைய சொல் சான்றாகும் என்பது மருத்துவர்க்கு மட்டுமே உரிய வினா அன்று.

இனி மறுபுறத்தாரையும் விட்டுவிடலாகாது. காய்ச்சலையே மருந்தெனக் கொண்டு, பனடோல் கொடாது பிள்ளையை வேகவிடலாம் என எண்ணுவோர் தாயின் சொல்லைத் திரிப்பவரே. மாற்றம் நிலைத்தது என அவள் கூறவில்லை. எல்லாப் பிள்ளைகளிலும் அது தோன்றுவதுமில்லை: 2018இல் வெளியான ஆய்வில் 2,152 பிள்ளைகளுள் 17 வீதத்தினரின் பெற்றோரே முன்னேற்றத்தைக் குறிப்பிட்டனர். 2020இல் வெளியான எலிப் பரிசோதனைகளோ, வெப்பத்தை அன்றி, நோயெதிர்ப்பின்போது உடல் சுரக்கும் ஐஎல்-17ஏ எனும் பொருளையே காரணமாகக் காட்டின. உடலைச் சூடாக்குவோர் எதனைத்தான் குணப்படுத்தப் போகின்றனர்?

வைத்தியர் செய்யத்தக்கது சிறிதே. “காய்ச்சல் வந்தபோது பிள்ளை எப்படி இருந்தது?” என்று தாயிடம் கேட்கட்டும், அவள் கூறுவதை நோயாளர் பதிவேட்டில் அவள் சொற்களிலேயே எழுதட்டும்.