இல்லத்திற்கு ஏற்றவை: கையடக்கக் காப்பி அரைவைப்பொறி

ஊரிலிருந்து டில்லிக்கு வந்த தம் தந்தையார் பொட்டலப் பொடியில் இட்ட காப்பியைத் தொடுவதேயில்லை என வருந்தும் அன்பர் ஒருவர், பாட்டரியில் இயங்கும் சிறு அரைவைப்பொறி வாங்கலாமா என வினவுகிறார். வாங்கலாம், சுழற்கத்தி பொருத்தியது மட்டும் வேண்டா. அது கொட்டையை அரைப்பதில்லை, வெட்டிச் சிதறடிக்கிறது. தூசியும் குருணையுமாக விழும் பொடியில், தூசி பில்டர்த் துளைகளை அடைத்துக்கொள்ளும், டிகாக்‌ஷன் இறங்காது. (பில்டரைத் தட்டிக்கொண்டே நின்று, அடியேன் அலுவலகத்திற்குத் தாமதமான நாட்கள் பல.) திருகையைப்போல், இரு பல்வளையங்களுக்கிடையே நெரித்து அரைப்பதையே தேர்க. பெரும்பாலும் ஒரு தடவைக்கு 20, 30 கிராம் கொட்டையே கொள்ளும். இருவருக்கு அது போதும். சிக்கரிப் பொடியைப் பிறகு கலந்துகொள்க. தந்தையார் ஊர் திரும்புகையில் பொறியையும் உடன் கொண்டுசெல்ல விரும்பக்கூடும். விமானப் பயணமாயின், உதிரி லிதியம் பாட்டரியை அவருடைய கைப்பையிலேயே வைத்தனுப்புக.