ஊர் கேட்டுத்தான் உதவியா?

நோயாளியிடம் முதலில் கேட்க வேண்டியது "எங்கே வலிக்கிறது?" என்பதுதான். இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட இங்கிலாந்திலோ, ஏழையிடம் "உனக்கு எந்த ஊர்? வீட்டில் யார் யார் சம்பாதிக்கிறார்கள்?" என்றும் கேட்டார்கள். ஊர்விட்டு ஊர் வந்து உழைக்கும் நாம் அந்த வரலாற்றை அறிந்திருக்க வேண்டும்.

1834-ஆம் ஆண்டின் ஏழைகள் சட்டம் அன்றும் உயிரோடு இருந்தது. வறியோர் விடுதிகளை ஒட்டிய மருத்துவமனைகளே பல ஏழைகளுக்குக் கதி. செலவின் பெரும்பகுதி உள்ளூர் வரியிலிருந்து வந்தது. விளைவு என்ன? ஏழைகள் நிறைந்த பகுதியில் வரி ஏறியது. செல்வர் வாழும் பகுதி தப்பித்தது. உதவி நாடியவன் வேற்றூரான் என்றால், அவனைச் சொந்தப் பகுதிக்கே திருப்பி அனுப்பவும் சட்டம் இடம் கொடுத்தது. உள்ளூர் ஏழைக்கு வந்தேறி ஏழை பகையாகத் தோன்றியதற்கு மனம் காரணமல்ல. பணம் பிரிக்கப்பட்ட முறையே காரணம்!

கிழக்கு லண்டனின் போப்லர் பகுதி இதை எதிர்த்தது. 1921-இல் ஜார்ஜ் லான்ஸ்பரி தலைமையில் நகர்மன்றத்தினர், லண்டன் பொது அமைப்புகளுக்கான வரியைத் தர மறுத்தனர். 30 பேர் சிறை சென்றனர். அதே ஆண்டில் வறியோர் உதவிச் செலவை லண்டன் முழுவதும் பகிர்ந்துகொள்ளச் சட்டம் வந்தது.

1929-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 1930-இல் ஏழைகள் காப்பாளர் சபைகள் ஒழிந்தன. அவற்றின் பொறுப்பு பெரிய உள்ளாட்சி மன்றங்களிடம் சென்றது. லண்டன் மன்றம் பல மருத்துவமனைகளை ஏற்று நடத்தியது. ஆனால் பெயர்ப்பலகை மாறியதால் விசாரணை ஓயவில்லை. 1931-இல் வந்த வருமான விசாரணை, மகனின் கூலியைக் கணக்கிட்டுத் தகப்பனின் உதவியைக் குறைத்தது.

1948 ஜூலை 5 அன்றுதான் தேசிய மருத்துவச் சேவை பிறந்தது. பழைய ஏழைகள் சட்டமும் அன்றே முடிந்தது. செலவைப் பெரும்பாலும் நாட்டின் பொது வரி ஏற்றது.

"வெளியூரார் குவிந்துவிட்டால் ஊர் தாங்குமா?" என்று இன்றும் சிலர் கேட்கிறார்கள். அவன் உழைப்பை மட்டும் ஊர் தாங்கிக்கொள்கிறதே! செலவு ஊர் தலையில் விழுந்தால் உள்ளூரானும் வெளியூரானும் மோதுவார்கள். பொதுவானால் இருவரும் பிழைப்பார்கள். எனவே நாம் கேட்பது தருமமல்ல. உரிமை ஊரோடு நின்றுவிடக் கூடாது. உழைப்பவனோடு கூடவே வர வேண்டும்.