காரணத்தை எழுதித் தராமல் வாரன்டியை மறுக்கலாமா?

ஸ்மார்ட் டீவி தானாக அணைகிறது. கம்பனியின் சின்னத்தைக் காட்டி எழும்புகிறது, சற்று நேரம் ஓடுகிறது, மறுபடியும் அணைகிறது. வாங்கிய கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், "உங்க பக்கம் கரண்ட் சரியில்லை, அதுக்கு வாரன்டி கிடையாது" என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் பதில். கரண்ட் தருபவர்களைக் கேட்டால், லைனில் பிழையில்லை, டீவியைச் செக் பண்ணுங்கள் என்பார்கள். கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் ஏ5 வீதியில் புசல்லாவையைச் சுற்றியுள்ள சோகம, ரொத்சைல்ட், டெல்டா போன்ற தோட்டங்களில் தவணைக் காசில் டீவி வாங்கும் குடும்பம் இந்த இரண்டு பதில்களுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது. தவணை முடியுமுன்பே டீவி மூலைக்குப் போய்விடுகிறது. ஆனால் இந்தப் பழுதின் காரணம் யாருக்கும் எட்டாத மர்மமல்ல. அளந்து பார்க்கலாம், பிரித்தறியலாம், எழுதியும் கொடுக்கலாம். அப்படி எழுதித் தராமல் எந்தக் கடையும் கம்பனியும் வாரன்டியை மறுக்க இடமிருக்கக் கூடாது என்பதே என் வாதம்.

முதலில், காரணத்தைக் கண்டுபிடிக்க முடியும் என்பதைப் பார்ப்போம். டீவி எந்தக் கட்டத்தில், எந்த நேரத்தில் அணைகிறது என்பதே பாதிக் கதையைச் சொல்லிவிடும். சின்னம் வருமுன்பே சிவப்பு விளக்கு மட்டும் மின்னி மின்னி அடங்கினால், சந்தேகம் உள்ளேயிருக்கும் பவர் போட் மீது விழவேண்டும். சின்னம் வந்து, அதற்கு மேல் போகாமல் திரும்பத் திரும்ப அதே சின்னம் வந்தால், மென்பொருளோ மெயின் போட்டோ கோளாறு. சத்தம் ஒழுங்காக வந்து படம் மட்டும் இருண்டு, பிறகு செட் அணைந்தால், திரைக்குப் பின்னாலுள்ள எல்இடி பட்டிகள் பழுதாகியிருக்கலாம். அரை மணி நேரம் நன்றாக ஓடிய பிறகே அணைகிறதென்றால் சூட்டைப் பார்க்க வேண்டும்: சுவரோடு ஒட்டி, அலுமாரிக்குள் திணித்து, மேலே லேஸ் துணி போட்டு மூடிய டீவிக்குக் காற்றுப் போக வழியில்லை. டிஷ் பொக்ஸ், பென் டிரைவ், எச்டிஎம்ஐ வயர் எல்லாவற்றையும் கழற்றி, டீவியைத் தனியாக ஓடவிட்டால் நிற்கிறதா என்பதும் முக்கியமான சோதனை. வெளியிலிருந்து வரும் பொக்ஸ் ஒன்றே எச்டிஎம்ஐ வழியாக டீவியை அணைக்கவும் எழுப்பவும் கூடியது. ரிமோட்டின் பவர் பட்டன் உள்ளே அமுங்கிச் சிக்கினாலும் இதே கூத்துத்தான். பெட்டரியைக் கழற்றிப் பார்த்தால் அது தெரிந்துவிடும். இவற்றில் எதற்கும் பெரிய கருவி தேவையில்லை. கடைக்காரரின் மேசையில் ஒரு மணி நேரம் போதும்.

மலையகத்தில் கட்டாயம் பார்க்க வேண்டிய இன்னொரு கேள்வி, பின்னேரத்தில் மட்டும் அணைகிறதா என்பது. மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை உச்ச நேரம் என்பதை மின்கட்டண அட்டவணையே ஏற்றுக்கொள்கிறது. குளிரில் சுடுதண்ணீர் கேத்தலும் ரைஸ் குக்கரும் அயனும் ஒரே நேரத்தில் வேலை செய்யும்போது, டிரான்ஸ்போமரிலிருந்து தூரத்தில், நீண்ட வயரின் கடைசி முனையில் இருக்கும் லயத்துக்கு வந்து சேரும் வோல்டேஜ் இறங்கிவிடும். பக்கத்திலேயே 201 மெகாவாட் கொத்மலை நிலையம் இருக்கிறதே, பிறகு எப்படி இங்கே கரண்ட் குறையும் என்று கேட்பவர்கள் உண்டு. அங்கே பிறக்கும் மின்சாரம் முதலில் 220,000 வோல்ட் வலையமைப்புக்கு ஏறி நாட்டுக்கே போகிறது. ஒரு வீட்டின் வோல்டேஜைத் தீர்மானிப்பது அந்த வீட்டுக்கான கடைசி டிரான்ஸ்போமரும், அதிலிருந்து வரும் வயரின் நீளமும் தடிப்பும், அதில் தொங்கும் வீடுகளின் எண்ணிக்கையும்தான். முன்பெல்லாம் குண்டு பல்ப் மங்கினாலே வோல்டேஜ் இறங்கியது வீட்டுக்காரருக்குக் கண்ணால் தெரிந்தது. இன்றைய எல்இடி பல்புகள் பெரும்பாலும் 180 வோல்ட்டிலும் அதே வெளிச்சம் தருகின்றன. அதனால் குறைபாடு இருப்பதே பலருக்குத் தெரியாமல் போகிறது. ஃபேன் சோம்பிச் சுழல்வதும் ஃபிரிட்ஜ் முனகிக்கொண்டு ஸ்டார்ட் ஆக முடியாமல் திணறுவதுமே இப்போது மிஞ்சியிருக்கும் அறிகுறிகள்.

ஆனால் "கரண்ட் சரியில்லை" என்ற பதிலைக் கேள்வி கேட்க வேண்டிய இடமும் இதுதான். டீவியின் பின்பக்கத்தில் ஒட்டியிருக்கும் சிறிய லேபிளைப் பாருங்கள். பல செட்களில் 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும். அப்படிப்பட்ட செட், 180 வோல்ட் நிலையாக வந்தால் அணையவே கூடாது; அணைந்தால் உள்ளேயிருக்கும் பவர் போட் பலவீனமானது. அதிலுள்ள கெபாசிட்டர்கள் கணப்பொழுது கரண்ட் தளம்பும்போது செட்டைத் தாங்கிப் பிடிக்கவேண்டியவை. மலிவான கெபாசிட்டர் சூட்டில் காய்ந்து, தட்டையாக இருக்கவேண்டிய அதன் தலை உப்பி, சிலவேளை பழுப்பு நிறத்தில் கசிந்து நிற்கும். ரிப்பேர்காரர் பின்மூடியைத் திறந்தவுடன் முதலில் தேடுவது இந்த உப்பலைத்தான். (வீட்டில் யாரும் அந்த மூடியைத் திறக்க வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.) தன் லேபிளில் 100 வோல்ட்டிலும் ஓடும் என்று எழுதி விற்ற கம்பனி, வோல்டேஜ் குறைந்ததால் பழுதானது என்று பிறகு சொல்ல முடியாது. லேபிளே அதற்கு எதிரான சாட்சி. 220–240 என்று மட்டும் அச்சிட்ட செட் என்றால் நியாயம் வேறு. அங்கே கேள்வி கரண்ட் தருபவரை நோக்கித் திரும்புகிறது. வீட்டுக்கு வரவேண்டியது 230 வோல்ட், அதிலிருந்து 6 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது என்பது இந்நாட்டின் ஒழுங்குவிதி. அதாவது 216க்குக் கீழேயும் 244க்கு மேலேயும் போகக் கூடாது. மலைக்கு என்று தனி விதி இல்லை.

குறைந்த வோல்டேஜை விடக் கொடியது திடீர் ஏற்றம். கரண்ட் போய்த் திரும்பி வரும் கணமும், மின்னலும், நியூட்ரல் வயர் கழன்றுபோவதும் பவர் போட்டை நொடியில் சுட்டுவிடும். நியூட்ரல் கழன்றால் 230 வரவேண்டிய பிளக் பொயின்டில் 400 வரை ஏறக்கூடும். ஒரே மீட்டரிலிருந்து அடுத்த அறைக்கும் அதற்கடுத்த அறைக்கும் வயர் இழுத்து, மூட்டுக்களை முறுக்கி டேப் சுற்றிய பழைய லயங்களில் இந்த ஆபத்து அதிகம். அங்கே எர்த் என்பது பெயருக்குக்கூட இருக்காது. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி மலையகத்தில் வழக்கம். அந்த நேரம் பிளக்கை மட்டும் கழற்றினால் போதாது. கூரையிலிருந்து வரும் டிஷ் வயரையும் கழற்ற வேண்டும், ஏனெனில் மின்னல் அந்த வழியாகவும் இறங்கும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி போல நாடு முழுவதும் கரண்ட் விழுந்து கட்டம் கட்டமாகத் திரும்பும் நாட்களில், லைன் நிலையாகும்வரை டீவியைத் தொடாமலிருப்பதே புத்தி. கரண்ட் வந்ததும் சில நிமிடம் பொறுத்தே செட்டுக்கு விடும் டீவி கார்ட் உதவும். ஆனால் எர்த் இல்லாத வீட்டில் அதன் பாதுகாப்பு பாதிதான் என்பதை விற்பவர் சொல்வதில்லை. இந்த வகைப் பழுதுக்குக் கம்பனியைக் குறைசொல்ல நான் வரவில்லை. திடீர் ஏற்றத்தைத் தடுக்கும் வேரிஸ்டர் என்ற உறுப்பு சுட்டுக் கருகியிருப்பதும், வெடித்த ஃபியூஸும் போட்டில் தெளிவான தடயம் விட்டுப்போகின்றன. தடயம் இருந்தால் அதைப் படம் எடுத்து, எழுதி, வாங்கியவர் கையில் கொடுக்கட்டும். மறுப்பு அப்போது நியாயமாகும்.

கரண்டுக்குச் சம்பந்தமே இல்லாத பழுதும் உண்டு. 2020 ஜூனில் உலகின் பல நாடுகளில் சம்சுங் புளூ-ரே பிளேயர்கள் ஒரே நேரத்தில் இப்படியே அணைந்து அணைந்து எழும்பத் தொடங்கின. இணையம் வழியாக வந்த ஒரு சிறு கோப்பை அந்த இயந்திரங்களால் படிக்க முடியாமல் போனதே காரணம் எனத் தெரியவந்தது. கம்பனி அவற்றை வரவழைத்துத் திருத்திக்கொடுக்க வேண்டியிருந்தது. வோல்டேஜ் அளவில் எந்தக் குறையும் இல்லாத வீடுகளிலும் அவை அணைந்தன. ஸ்மார்ட் டீவியும் அதே இனம்தான்: சிறிய நினைவகம், அதில் நிரம்பி வழியும் அப்கள், பாதியில் கரண்ட் போய் அரைகுறையாக நின்ற அப்டேட். இங்கே செய்யவேண்டியது, சுவர் பிளக்கைக் கழற்றிச் சில நிமிடம் விட்டு, டீவியின் பவர் பட்டனை அரை நிமிடம் அமுக்கிப் பிடித்து, மீண்டும் போடுவது. அதிலும் சரிவராவிட்டால் ஃபெக்டரி ரீசெட். அதற்கும் அப்பால் போனால், அதே மொடல் இலக்கத்துக்குரிய மென்பொருளைக் கம்பனியிடமிருந்தே பெற வேண்டும். வேறு மொடலின் மென்பொருளை ஏற்றினால் செட் அத்தோடு முடிந்தது. சந்தையில் கிடைக்கும் பெயர்தெரியாத செட்களுக்கு இந்த மென்பொருளைத் தரும் முகவரியே இருப்பதில்லை. விலை குறைந்த டீவியின் உண்மையான விலை இங்கேதான் வெளிப்படுகிறது.

இனிச் சட்டத்துக்கு வருவோம். விற்கும் பொருள் அதன் நோக்கத்துக்குப் பொருத்தமாக இருக்க வேண்டும் என்ற கருத்து 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்திலேயே இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான நுகர்வோர் விவகார அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்கலாம், எழுத்தில் முறையிடலாம். கரண்ட் பற்றிய முறைப்பாட்டுக்குப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு இருக்கிறது. வழிகள் உண்டு. ஆனால் முறைப்பாடு செய்பவரின் கையில் ஆதாரம் இல்லை, ஏனெனில் கடை சொன்னது வாய்ப்பேச்சு. ஐரோப்பிய ஒன்றியம் 2021 மார்ச் முதல் நடைமுறைப்படுத்தும் டீவி விதிகள், கடைசி செட் சந்தைக்கு வந்த பிறகும் 7 ஆண்டுகள் உதிரிப்பாகங்கள் கிடைக்க வேண்டும் என்கின்றன. அந்தப் பட்டியலில் பவர் சப்ளையும் பெரிய கெபாசிட்டர்களும் பெயர் சொல்லியே இடம்பெறுகின்றன. மென்பொருள் 8 ஆண்டுகள் கிடைக்க வேண்டும். எந்த உறுப்பு முதலில் சாகும் என்று அவர்கள் அறிந்தே எழுதியிருக்கிறார்கள். இந்தியா 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையத் தளத்தைத் திறந்து, வீட்டுச் சாதனங்களையும் அதில் சேர்த்தது. இலங்கை அவ்வளவு தூரம் உடனே போகாவிட்டாலும், ஒரு பக்கப் படிவத்தைக் கட்டாயமாக்கலாம்: மொடல், லேபிளின் வோல்டேஜ், பழுதான உறுப்பு, கண்ட தடயம், மறுப்புக்கான காரணம், பரிசோதித்தவரின் கையொப்பம்.

சிறு கடைகளுக்கு இது சுமை என்பார்கள். கம்பளையிலோ புசல்லாவை பஜாரிலோ இரண்டு பேரை வைத்து நடத்தும் கடைக்குப் பரிசோதகர் எங்கே கிடைப்பார்? கேள்வி நியாயமானது. ஆனால் மறுக்கும் முடிவை எடுப்பது பெரும்பாலும் அந்தக் கடையல்ல, கொழும்பிலுள்ள இறக்குமதியாளரின் சேர்விஸ் சென்டர். போட்டைத் திறந்து பார்க்காமல் அவர்களாலும் முடிவெடுக்க முடியாது. பார்த்ததை எழுதுவது கூடுதல் வேலையென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மின்சாரத் தரப்பிலிருந்தும் ஒரு வாதம் வரும்: மரம் விழும் மண்சரிவுப் பாதைகளில் லைன் பராமரிப்பது நகரத்தைப் போல எளிதல்ல. உண்மைதான், அந்த ஊழியர்கள் மழையிலும் கம்பத்தில் ஏறுவதை மலையகம் அறியும். ஆனாலும் உச்ச நேரத்தில் ஒரு லயத்தின் வோல்டேஜை அளந்து பதிவு செய்வதற்கு மலையின் உயரம் தடையல்ல. அந்தப் பதிவு இருந்தால்தான் டிரான்ஸ்போமரைத் தரமுயர்த்தக் காசும் கேட்கலாம்.

டீவி ஆடம்பரம், லயத்தில் தண்ணீரும் கக்கூஸும் இல்லாதபோது இதற்கெல்லாம் கட்டுரை எதற்கு என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். 2020இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது, தமிழ்ப் பிள்ளைகளுக்கான பாடங்கள் நேத்ரா அலைவரிசையில் வந்தன. டீவி ஓடிய வீட்டுப் பிள்ளை படித்தது. மழைக்காலத்தில் மண்சரிவு எச்சரிக்கை பல வீடுகளுக்கு அதே திரையில் வருகிறது. 2022இல் ரூபாய் விழுந்த பிறகு ஒரு செட்டின் விலை தோட்டக் குடும்பத்துக்குப் பல மாதச் சம்பளம். தண்ணீருக்காகக் குரல் கொடுப்பவர்களும் காசு கொடுத்து வாங்கிய பொருளுக்காகக் குரல் கொடுப்பவர்களும் ஒரே ஆட்கள்தான். அந்தப் படிவம் கட்டாயமாகும்வரை வாங்குபவர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. டீவி எத்தனை மணிக்கு அணைந்தது, அப்போது மழையா, அடுத்த வீட்டில் கரண்ட் தளம்பியதா, பிளக் பொயின்டில் வோல்டேஜ் எவ்வளவு என்று கலண்டரின் ஓரத்திலாவது திகதியோடு குறித்து, அணையும் காட்சியைப் போனில் வீடியோ எடுத்து வைக்கட்டும். கடையில் மறுத்தால், மறுப்பை வாரன்டி அட்டையின் பின்பக்கத்திலேயே எழுதித் தரச் சொல்லிக் கேட்கட்டும். எழுத மறுத்தால் அந்தத் திகதியையும் நேரத்தையும் சேர்த்து அதிகார சபைக்கு முறைப்பாடு போகட்டும்.