சர்க்கரை டெஸ்ட் குழந்தைக்கு மட்டும்தானா?

கர்ப்பத்துல சர்க்கரை வந்த பெண்கள்கிட்ட நம்ம ஊர்ல எல்லாரும் சொல்ற வசனம் ஒண்ணு இருக்கு: "குழந்தை பொறந்ததும் தானா போயிடும்." பாதி உண்மைங்க. அந்தப் பாதிதான் ஆளைக் கவுக்குது.

கர்ப்பமா இருக்கும்போது கவனிப்புக்குக் குறையே இல்ல. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணில கலந்து குடிக்க வெச்சு, 2 மணி நேரம் கழிச்சு ரத்தம் எடுப்பாங்க. 140 அல்லது அதுக்கு மேல இருந்தா கர்ப்பகால நீரிழிவு. சாப்பிட்டுட்டு வந்தாலும் பரவால்ல. (இந்த எளிய முறையை இங்க பரப்பினதுல சென்னை டாக்டர் வி. சேஷையாவுக்குப் பெரிய பங்கு உண்டு.)

பிரசவம் ஆச்சு. நஞ்சுக்கொடி வெளிய வந்ததும் இன்சுலினோட மல்லுக்கட்டின ஹார்மோன்கள் குறையுது, சர்க்கரையும் இறங்குது. அப்புறம் அம்மாவை யாரு பாக்குறா? கூடுதல் பாரம் வந்ததும் அந்தக் கணையம் திணறிச்சே, அது சும்மாவா? இந்தப் பெண்களுக்குப் பின்னாடி டைப் 2 வர்ற வாய்ப்பு மத்தவங்களை விட 7 மடங்குக்கு மேலன்னு 2009ல லான்செட்ல வந்த தொகுப்பாய்வு சொல்லுது.

பிரசவமாகி 6 வாரத்துல திரும்ப அதே 75 கிராம் டெஸ்ட், இந்த முறை வெறும் வயித்துல ஆரம்பிச்சு எடுக்கணும்னு மத்திய அரசோட வழிகாட்டியிலயே இருக்கு. உங்க அக்காவையோ அண்ணியையோ கேட்டுப் பாருங்க, எடுத்தாங்களான்னு. இத்தனைக்கும் அதே 6வது வாரம்தான் குழந்தைக்குத் தடுப்பூசி! தூக்கிட்டு வர்றது அம்மாதானே? வெறும் வயித்தோட வரச் சொல்லி 2 மணி நேரம் உட்கார வெக்க என்ன கஷ்டம்?

எடுத்தாலும் ஒரு கூத்து. வெறும் வயித்து அளவு மட்டும் பாத்துட்டு, 96, நார்மல்னு அனுப்பிடறாங்க. அதே ஆளுக்கு 2 மணி நேர அளவு 170 இருக்கலாம். 140ல இருந்து 199 வரைக்கும் நீரிழிவுக்கு முந்தின நிலை, 200 தொட்டா நீரிழிவேதான். வெறும் வயித்துல 126. சிலர் எச்பிஏ1சி போதும்ங்கறாங்க. பிரசவத்துல ரத்தம் போய், புது சிவப்பணுக்கள் உருவாகிற நேரம் அது. அந்த 3 மாச சராசரி உள்ளதை விடக் குறைவாக் காட்டலாம்.

6 வாரத்துல நார்மல்னே வந்தாலும் கதை முடியல, 1 முதல் 3 வருஷத்துக்கு ஒரு தடவை பாக்கணும். டிஸ்சார்ஜ் சீட்டுல குழந்தையோட ஊசித் தேதிக்குக் கீழ அம்மாவோட டெஸ்ட் தேதியையும் எழுதிக் கொடுங்க டாக்டர். ஒரு வரிதான்.