ஜரிகைக்கு இருக்கிற உரைகல் ரத்தத்துக்கு ஏன் இல்லை?

நீளமான இழை. டீ போட்டுட்டு வந்து உட்காருங்க. லேப் வெச்சிருக்கிற நண்பர்கள் கடைசி வரைக்கும் படிச்சுட்டு அப்புறம் திட்டுங்க.

காஞ்சிபுரத்துல ஒரு பட்டுப்புடவையோட ஜரிகை மேல சந்தேகம் வந்தா, எக்ஸ்ஆர்எஃப் மெஷின்ல வெச்சு வெள்ளி எத்தனை சதவீதம், தங்கம் எத்தனை, செம்பு எத்தனைன்னு கொஞ்ச நேரத்துல சொல்லிடலாம். அரசோட தமிழ்நாடு ஜரிகை நிறுவனமே இந்த ஊர்லதான் இருக்கு. காய்கறிக்கடைத் தராசுல தொழிலாளர் துறை முத்திரை இல்லைன்னா அபராதம். பிரஷர் பார்க்கிற கருவி, தெர்மாமீட்டர்கூட எடையளவுச் சட்ட விதிகளுக்குள்ள வருது.

அந்தப் புடவையை நெய்த அக்காவோட ரத்தத்தைப் பார்க்கிற மெஷினுக்கு அப்படி ஒரு முத்திரை கிடையாது. யாரும் கேட்கிறதும் இல்லை. என் கோபம் இதுதான்.

அந்த மெஷின் என்ன செய்யுதுன்னு முதல்ல பார்த்துடுவோம். சர்க்கரை, கிரியாட்டினின், பிலிருபின், எஸ்ஜிபிடி எல்லாத்துக்கும் அடிப்படை ஒண்ணுதான். ரத்தத்துல இருந்து பிரிச்ச சீரத்தோட ஒரு ரசாயனத்தைக் கலப்பாங்க. நிறம் மாறும். அதுக்குள்ள ஒரு குறிப்பிட்ட அலைநீள வெளிச்சத்தை அனுப்பி, எவ்வளவு வெளிச்சம் உள்ளேயே உறிஞ்சப்பட்டதுன்னு அளப்பாங்க. அந்த அளவுக்குப் பேர் அப்சார்பன்ஸ். பெரிய ஆய்வகத்து ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரும் தெருமுனை லேப்ல இருக்கிற செமி ஆட்டோ அனலைசரும் ஒரே சாதிதான். உங்க ரிப்போர்ட்ல வர்ற நம்பர் நேரா ரத்தத்துல இருந்து வரலை. வெளிச்சத்துல இருந்து வருது.

பல்பு மங்கும். ஃபில்டர் நம்ம ஊர் ஈரப்பதத்துல கெட்டுப்போகும். ஃப்ளோசெல்லுல அழுக்கு படியும். மெஷின் மட்டும் அதே தைரியத்தோட தசம புள்ளிக்கு அப்புறம் ரெண்டு இலக்கம் போட்டு நம்பர் கொடுத்துக்கிட்டே இருக்கும்.

சரியா தப்பான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? ஆசாரியைக் கேளுங்க. தங்கத்தை உரைகல்லுல உரசினா மட்டும் மாற்று தெரிஞ்சுடாது. பக்கத்துலயே மாற்று தெரிஞ்ச தங்கத்தையும் உரசி, ரெண்டு கோட்டையும் சேர்த்துப் பார்க்கணும். அந்த "மாற்று தெரிஞ்ச தங்கம்"தான் ஆய்வக உலகத்துல ரெஃபரன்ஸ் மெட்டீரியல். உண்மையான மதிப்பு முன்னாடியே நிர்ணயிக்கப்பட்டு, சான்றிதழோட வர்ற பொருள்.

ஃபோட்டோமீட்டருக்கான ரெஃபரன்ஸ் மெட்டீரியல் ஒண்ணும் ராக்கெட் சமாச்சாரம் இல்லை. பொட்டாசியம் டைக்ரோமேட்னு ஆரஞ்சு நிற உப்பு, நம்ம பள்ளிக்கூட வேதியியல் லேப்ல பார்த்ததுதான். லிட்டருக்கு 60 மில்லிகிராம், நீர்த்த கந்தக அமிலத்துல கரைச்சு, 1 செ.மீ. குவெட்ல ஊத்தி 350 நானோமீட்டர்ல வெச்சா அப்சார்பன்ஸ் 0.64 பக்கம் காட்டணும். 0.55 காட்டினா மெஷின் பொய் சொல்லுது. அலைநீளம் சரியான்னு பார்க்க ஹோல்மியம் கரைசல். அமெரிக்காவோட என்ஐஎஸ்டி இதுக்குன்னே எஸ்ஆர்எம் 930னு சான்று பெற்ற கண்ணாடி ஃபில்டர்களைத் தந்தது. நம்ம நாட்டுல இந்தச் சங்கிலியோட தலைமை டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகம். இந்திய ரெஃபரன்ஸ் மெட்டீரியல்களுக்கு "பாரதிய நிர்தேஷக் திரவ்யா"ன்னு பேர் வெச்சு, 2021 ஜனவரி 4 அன்னிக்கு பிரதமரே அந்த அமைப்பை நாட்டுக்கு அர்ப்பணிச்சார். தங்கத்துக்கும் அதுல ஒண்ணு இருக்கு. தங்கத்துக்கு நாம எப்பவுமே கரெக்டா இருப்போம்.

இப்ப ஒரு வேடிக்கை. நீங்க போடுற பாரசிட்டமால் மாத்திரையில மருந்து சரியா இருக்கான்னு இந்தியன் ஃபார்மகோபியா முறைப்படி சோதிக்கிறதும் இதே ஜாதி மெஷின்லதான், 257 நானோமீட்டர்ல. அந்த மெஷினை டைக்ரோமேட் வெச்சு 235, 257, 313, 350னு நாலு இடத்துல சரிபார்க்கணும்னு அதே நூல்ல இருக்கு. மருந்துக் கம்பெனி ஆய்வுக்கு வர்ற அதிகாரி அந்தப் பதிவேட்டைக் கேட்பார். அந்த மாத்திரையை முழுங்கினவரோட கல்லீரல் எப்படி இருக்குன்னு பார்க்கிற மெஷினுக்கு? மாத்திரைக்கு இருக்கிற மரியாதை மனுஷன் ஈரலுக்கு இல்லை.

"டாக்டர், கிட்டோட கேலிபரேட்டர் வருதே, அது போதாதா?" லேப் நண்பர்களோட முதல் பதில் இதுதான். பாதி சரி. சர்க்கரை மாதிரி டெஸ்ட்ல ஸ்டாண்டர்டையும் சாம்பிளையும் ஒரே மெஷின்ல ஓட்டுறோம். மெஷின் ரெண்டையும் ஒரே விகிதத்துல குறைச்சுக் காட்டினா பிழை அடிபட்டுப் போயிடும். ஒத்துக்கிறேன்.

ஆனா எஸ்ஜிபிடிக்கு நிறைய லேப்ல கேலிபரேட்டர் ஓட்டுறதே இல்லை. கிட் பேப்பர்ல இருக்கிற ஃபேக்டரை மெஷின்ல தட்டி விடுறாங்க: 1746. டெக்னீஷியன் தம்பிகளுக்கு இந்த நம்பர் மனப்பாடம். எங்க இருந்து வந்துச்சு தெரியுமா? என்ஏடிஹெச்ங்கிற பொருள் 340 நானோமீட்டர்ல எவ்வளவு ஒளியை உறிஞ்சும்ங்கிற அளவு 6.3. சாம்பிள் 11 மடங்கு நீர்த்துப்போகுது. 11 பெருக்கல் 1000, வகுத்தல் 6.3. அவ்வளவுதான். அதாவது மெஷின் அளக்கிற அப்சார்பன்ஸ் நூத்துக்கு நூறு உண்மைங்கிற நம்பிக்கையில நிக்குது அந்த நம்பர். அதே என்ஏடிஹெச் 365 நானோமீட்டர்ல 3.4தான், கிட்டத்தட்ட பாதி. ஃபில்டர் நகர்ந்தாலோ மெஷின் குறைச்சு அளந்தாலோ காட்டிக்கொடுக்க ஸ்டாண்டர்டும் இல்லை.

இது வெறும் கணக்கு இல்லை. முசரவாக்கம் பக்கத்துல இருந்து வர்ற ஒரு நெசவாளர் அண்ணன், காசநோய் மாத்திரையில இருந்தார். அந்த மாத்திரைகள்ல மூணு ஈரலைத் தாக்கக்கூடியது. தொந்தரவு எதுவும் இல்லாதவருக்கு எஸ்ஜிபிடி இயல்பின் உச்ச அளவைப் போல 5 மடங்கு தாண்டினா மருந்தை நிறுத்தணும். 40 உச்சம்னா 200. அவர் கையில ஒரே நாள்ல எடுத்த ரெண்டு தனியார் லேப் ரிப்போர்ட். ஒண்ணு 176, இன்னொண்ணு 214. "எது சார் சரி?"ன்னு கேட்டார்.

மெஷின்தான் காரணம்னு நான் தீர்ப்பு சொல்லலை. பைப்பெட்டா இருக்கலாம், 37 டிகிரி சரியா இல்லாம இருக்கலாம், கிட் வெயில்ல கிடந்திருக்கலாம். ஆனா "மெஷின் சரி"ன்னு சொல்ல ரெண்டு லேப்லயும் ஒரு துண்டுச் சீட்டு இல்லை. கேட்டதுக்கு, "சர்வீஸ் இன்ஜினியர் வந்து போனாரே"ன்னு பதில். சர்வீஸ் வேற, சரிபார்ப்பு வேற. பாதுகாப்பா இருக்கட்டும்னு மருந்தை நிறுத்தி, அளவு இறங்கினதும் ஒவ்வொண்ணா திரும்ப ஆரம்பிச்சோம். சிகிச்சை அத்தனை நாள் தள்ளிப்போச்சு. தறி நின்ன கூலிக்கு யார் பொறுப்பு?

அடுத்த பதில்: "தினமும் கன்ட்ரோல் ஓட்டுறோம்." ஓட்டுங்க, நல்லது. ஆனா ஒரே ஒரு நார்மல் கன்ட்ரோல் மட்டும் ஓட்டினா ஒரு திருடன் தப்பிச்சுடுவான். அவன் பேர் ஸ்ட்ரே லைட். வரக்கூடாத வெளிச்சம் கசிஞ்சு சென்சாருக்குப் போறது. 1 சதவீதம் கசிஞ்சாலே, அப்சார்பன்ஸ் 2 இருக்க வேண்டிய இடத்துல மெஷின் 1.70 காட்டும். அதே மெஷின் 0.30 இருக்கிற இடத்துல 0.296 காட்டும். புரியுதா? நார்மல் ஆளுக்கு கரெக்டா வரும். கன்ட்ரோல் பாஸ் ஆகும். அடர்த்தியா நிறம் வர்ற சாம்பிள்ல, அதாவது உண்மையிலேயே ஆபத்துல இருக்கிறவங்களுக்கு மட்டும் குறைச்சுக் காட்டும். பிறந்து மூணு நாள் ஆன மஞ்சள் காமாலைக் குழந்தையோட பிலிருபினை வெச்சுத்தான் லைட்டுக்குக் கீழ வைக்கிறதா, ரத்தம் மாத்துறதான்னு முடிவு பண்றோம். தப்பு எந்தப் பக்கம் சாயுதுன்னு யோசிச்சுப் பாருங்க.

என்ஏபிஎல் அங்கீகாரம் வாங்கின லேப்ல இந்தச் சரிபார்ப்பு நடக்கும். ஆனா அது கட்டாயம் இல்லை, விருப்பம் இருந்தா வாங்கலாம். வேலூர் சிஎம்சி பல வருஷமா வெளித்தரச் சோதனைத் திட்டம் நடத்துது. மதிப்பு சொல்லாத சாம்பிள் அனுப்புவாங்க, நீங்க அளந்து பதில் அனுப்பணும், மத்த லேப்களோட ஒப்பிட்டுச் சொல்லுவாங்க. நம்ம பக்கத்துலதான் இருக்கு. சேர்றதும் சேராததும் அவங்கவங்க இஷ்டம்.

டெக்னீஷியன்களை யாரும் திட்டாதீங்க. அவங்களுக்கு வாங்கிக் கொடுத்தாத்தானே செய்வாங்க. அரசு ஆஸ்பத்திரி லேபுக்கும் இது பொருந்தும், நான் அரசு டாக்டர்ங்கிறதால விட்டுக்கொடுத்துப் பேச மாட்டேன்.

செலவு ஒரு சாக்கு. ஒவ்வொரு லேபும் தனித்தனியா வாங்க வேண்டாம். 1997 சட்டப்படி லேபுக்குப் பதிவுச் சான்று தர்றது மாவட்டத்துல இணை இயக்குநர் அலுவலகம். புதுப்பிக்க வரும்போது, கடைசியா சான்று பெற்ற பொருளை வெச்சு மெஷினைச் சரிபார்த்த தேதி, வந்த அளவு, இந்த ஒரு தாளைக் கேட்கட்டும். சான்று பெற்ற கரைசல் செட்டை மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமா வாங்கி மாவட்டத்துக்கு ஒண்ணு கொடுக்கட்டும். செமி ஆட்டோ மெஷின்ல ஃப்ளோசெல் இருக்கிறதால கண்ணாடி ஃபில்டர் நுழையாது, திரவம்தான் வேணும். பயோமெடிக்கல் இன்ஜினியர் பெட்டியோட அரசு ஆஸ்பத்திரி ஒவ்வொண்ணா போய், மூணு அடர்த்தியில உறிஞ்ச வெச்சு எழுதிட்டு வரலாம். (டைக்ரோமேட் நஞ்சு. கையுறை போடாம தொடக்கூடாது, வாஷ்பேசின்ல கொட்டக்கூடாது.) முதல்ல எங்க லேப்கள்ல இருந்தே ஆரம்பிங்க.

நீங்க செய்யக்கூடியது: ரிப்போர்ட் வாங்கும்போது, "மெஷினை எப்போ, எதை வெச்சு செக் பண்ணீங்க? வெளித்தரச் சோதனையில சேர்ந்திருக்கீங்களா?"ன்னு மரியாதையா கேளுங்க. தொடர்ந்து எடுக்க வேண்டிய டெஸ்ட்டை லேப் மாத்தாம ஒரே இடத்துல எடுங்க. நம்பர் ஏறுதா இறங்குதான்னாவது உருப்படியா தெரியும். ரிப்போர்ட்டைப் பார்த்து நீங்களா மாத்திரையை நிறுத்தாதீங்க.

இணை இயக்குநர் அலுவலகத்துக்கு இதையே மனுவா எழுதி அனுப்பியிருக்கேன். பதில் வந்தா இதே இழையில போடுறேன்.