சட்டம் போயிற்று, சூனியம் போயிற்றா?

நியூட்டன் வான மண்டலத்தின் கணக்கை எழுதி 25 வருஷங்கள் சென்ற பின்பும், 1712-ம் வருஷத்தில், இங்கிலாந்திலே ஜேன் வென்ஹாம் என்னும் கிழவியைச் சூனியக்காரி என்று ஜூரிகள் தீர்ப்புச் சொன்னார்கள். அவளுக்கு விரோதமாய்ச் சாட்சி சொன்னவர்களில் பாதிரிமார்களும் உண்டு! சூனியத்தை நம்பாத ஜட்ஜ் பவல் தூக்கை நிறுத்தி வைத்தார். ஆன் ராணியார் மன்னிப்பளித்தார். 1736-ல் பார்லிமெண்டு சூனியச் சட்டத்தையே ரத்து செய்துவிட்டது.

அத்தோடு தீர்ந்ததா? இல்லை.

ரூத் ஆஸ்பர்ன் என்பவள் டிரிங் பக்கத்து ஏழைக் கிழவி. பால்காரன் ஒருவனிடம் மோர் கேட்டாள்; அவன் இல்லையென்றான். பிறகு அவன் கன்றுகள் நோயுற்றன. அவனுக்கும் வலிப்புக் கண்டது. கிழவியின் சாபமே காரணமென்று பேச்சுக் கிளம்பிற்று. 1751-ல் மூன்று சந்தை ஊர்களில் பகிரங்கமாய்த் தண்டோராப் போட்டு ஜனங்களைக் கூட்டினார்கள். மாதாகோயிலில் ஒளித்து வைத்தும் பயனில்லை. கிழவியை இழுத்துப்போய்க் குளத்தில் முக்கிக் கொன்றார்கள். முன்னின்ற தாமஸ் காலி, வேடிக்கை காட்டியதற்காகக் கூட்டத்தில் காசும் வசூலித்தான்!

சர்க்கார் காலியைத் தூக்கிலிட்டது. அப்போதும் ஜனங்கள் எட்ட நின்று, ஒரு பொல்லாத கிழவிக்காக ஒரு மனிதனைக் கொல்வதா என்று முணுமுணுத்தார்களாம்.

பார்லிமெண்டு காகிதத்திலிருந்த சூனியத்தை 15 வருஷங்களுக்கு முன்பே அடித்துவிட்டது. மூளையிலிருந்ததை அடிக்கவில்லை. கன்றுக்கு நோய் ஏன் வருகிறதென்று குடியானவனுக்கு விளங்கச் சொல்லாதவரை, அவனுக்கு ஒரு கிழவி தேவைப்பட்டுக்கொண்டே இருப்பாள். சட்டம் கொலைகாரனைத் தண்டிக்கும். கிழவியைக் காப்பாற்றுவது அறிவு ஒன்றே.